எரிந்த ஏடும் எஞ்சிய விளம்பரமும்

நம் கல்லூரியில் வரலாறு படித்த நாள்முதல் பழைய பத்திரிகை என்றாலே எனக்கொரு கிறுக்கு. அதில் கண்டதுதான் அயர்லாந்துக்காரர்களின் வம்சாவளித் தேடல். அங்கே முப்பாட்டனைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லீங்க! 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கில் பெரும்பகுதி சாம்பல். 1861 முதல் 1891 வரையிலான நான்கையும் அதற்கு முன்பே அரசாங்கமே அழித்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலக் கணக்கில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டே.

அந்த இடத்தில் கைகொடுப்பது அமெரிக்காவின் 'பாஸ்டன் பைலட்' பத்திரிகை. பிழைக்கக் கப்பலேறிப் பிரிந்தவர்களைத் தேடி, உறவினர்கள் 1831 முதல் 1921 வரை அதில் விளம்பரம் கொடுத்தார்கள். பலவற்றில் பிறந்த ஊரும் வந்த வருஷமும் இருக்கும். அக்கா தம்பியைத் தேடிப் போட்ட நாலு வரி, கொள்ளுப்பேரனுக்குப் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறது.

தம்பி தங்கைகளே, வீட்டுப் பழைய காகிதத்தை எடைக்குப் போடுமுன் ஒருதரம் படித்துப் பாருங்கள்.