மலையேறாத காற்றாலை: சேர்வராயன் மலையை முன்வைத்துத் தமிழ்நாட்டுக் காற்று மின்சாரத்தின் வரலாறு

ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,623 மீட்டர் உயரம். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே போனவர்கள் காற்றின் வேகத்தைப் பற்றிப் பேசாமல் இறங்குவதில்லை. ஆனால் சேலம் மாவட்டத்தின் இந்த மலைத்தொகுதியில் காற்றாலைப் பண்ணை ஏதும் எழவில்லை. தமிழ்நாட்டின் பத்தாயிரம் மெகாவாட்டுக்கும் கூடுதலான காற்றாலைகள் முப்பந்தல், கயத்தாறு, ஆண்டிபட்டி, உடுமலை, பல்லடம் என்று மலைகளின் காலடியிலும் அதைத் தாண்டிய செம்மண், கரிசல் வெளிகளிலும்தான் நிற்கின்றன. உயரமான இடத்தில் காற்று அதிகம் என்ற பொது அறிவுக்கு இது பொருந்தவில்லை. காற்றாலை ஏன் மலையேறவில்லை என்று தேடிப் போனால், தமிழ்நாட்டுக் காற்று மின்சாரம் வளர்ந்த விதம் தெரிகிறது. காற்று எங்கே அளக்கப்பட்டதோ அங்கே பணம் போயிற்று. மின்கம்பி பிறகுதான் வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இயந்திரம். காற்றாலையின் இறக்கையைக் காற்று வெறுமனே பிடித்துத் தள்ளுவதில்லை. விமான இறக்கையைப் போல் அதன் ஒரு பக்கம் வளைவு கூடுதலாக இருப்பதால் இரு பக்கமும் அழுத்தம் வேறுபட்டு, இறக்கை பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்த இழுவைதான் சுழற்சி. பழைய இயந்திரங்களில் இறக்கைகள் நிமிடத்துக்கு ஐம்பது சுற்று அளவில் சுழலும். கியர்பாக்ஸ் அதைப் பல மடங்காக்கி ஜெனரேட்டரிடம் கொடுக்கும். நான்கு துருவ ஜெனரேட்டர் என்றால் 1,500 சுற்றுக்குச் சற்று மேலே போனால்தான் 50 ஹெர்ட்ஸ் மின் கட்டமைப்புக்குள் மின்சாரத்தைத் தள்ளும்.

இதில் வேகத்தின் பங்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. 15 மீட்டர் விட்டமுள்ள சுழலியை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும் காற்றிலிருந்து அது சுமார் 9 கிலோவாட் எடுத்தால், 10 மீட்டர் வேகத்தில் 41 கிலோவாட் எடுக்கும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, விளைச்சல் நாலரை மடங்கு. காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தச் சுழலியும் எடுக்க முடியாது என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் காட்டினார். ஆகவே இறக்கையைச் செதுக்கிச் செதுக்கி மேம்படுத்துவதில் கிடைக்கும் லாபத்தைவிட, நல்ல காற்றுள்ள இடத்தைப் பிடிப்பதில் கிடைக்கும் லாபம் பெரிது. காற்றாலையின் வரலாறு பெரும்பாலும் இடத்தின் வரலாறாக இருப்பதற்கு இந்த முப்படிதான் காரணம்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சி பழையது. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் 1887இலும், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் 1888இலும், டென்மார்க்கின் அஸ்கோவில் பவுல் லா கூர் 1891இலும் தத்தம் காற்றாலைகளை ஓட்டினார்கள். தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது இவை எதுவுமல்ல. 1957இல் யோஹன்னஸ் யூல் டென்மார்க்கின் கெட்சரில் நிறுவிய 200 கிலோவாட் இயந்திரம்தான். மூன்று இறக்கை, கட்டமைப்போடு நேரே இணைந்த தூண்டல் ஜெனரேட்டர், காற்று மிஞ்சினால் இறக்கையின் வடிவமே சுழற்சியை மட்டுப்படுத்தும் ஏற்பாடு என்ற எளிய கூட்டு அது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டென்மார்க்கின் பட்டறைகள் இதே கூட்டைச் சிறிதாக்கி 55 கிலோவாட் இயந்திரங்களாக விற்றன. இந்தியாவின் முதல் பண்ணைகளுக்கு வந்தது இந்த வகைதான்.

அதற்கு முன்பு நம் பக்கத்தில் காற்று தண்ணீர் இறைக்கத்தான் பயன்பட்டது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் 1960களில் பன்னிரண்டு இறக்கை கொண்ட டபிள்யூபி-2 என்ற நீரிறைக்கும் காற்றாலையை உருவாக்கியது. 1973இல் அமெரிக்காவின் நியூ ஆல்கெமி நிறுவனத்தைச் சேர்ந்த மார்கஸ் ஷெர்மன் மதுரைக்கு அருகே ஒரு பண்ணையில் மாட்டுவண்டிச் சக்கரத்தில் மூங்கில் கட்டி, துணிப்பாய் விரித்து ஒரு காற்றாலை செய்தார். ஆர்வத்துக்குக் குறைவில்லை. எந்த ஊரில், எத்தனை உயரத்தில், எந்த மாதம் எவ்வளவு காற்று என்ற கணக்குத்தான் யாரிடமும் இல்லை.

அந்தக் கணக்கைப் போட்டவர் அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றவர். வானிலைத் துறையின் காற்றுமானிகள் பெரும்பாலும் நகரங்களிலும் விமான நிலையங்களிலும் இருந்தன. புயல் எச்சரிக்கைக்கு அது போதும், காற்றாலைக்குப் போதாது. கட்டடமும் மரமும் மறைக்கும் இடத்தில் எடுத்த அளவில் கொஞ்சம் பிழை நேர்ந்தாலே முப்படிக் கணக்கில் அது பூதமாகிவிடும். இருக்கும் பதிவுகளைச் சலித்து முறைப்படுத்தி 1983இல் இந்தியாவுக்கான காற்றாற்றல் தரவு நூலை வானிலையாளர் மூலேவுடன் சேர்ந்து அவர் வெளியிட்டார். பிறகு பெங்களூரில் இயங்கிய ஒரு களப் பிரிவின் வழியே, காற்றாலைக்கென்றே கம்பங்கள் நட்டு அளக்கும் பணியை நடத்தினார். அதன் முடிவுகள் 1990 தொடங்கித் தொகுதி தொகுதியாக வந்தன. முதலீட்டாளர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய முதல் வரைபடம் அதுதான். தமிழ்நாட்டுக் காற்றாலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளிகளின் பெயரைச் சொல்கிற அளவுக்கு இவர் பெயரைச் சொல்வதில்லை.

அளவுகள் காட்டியது உச்சிகளை அல்ல, இடைவெளிகளை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. நீலகிரியும் ஆனைமலையும் 2,500 மீட்டருக்கு மேல் எழுந்து அதை மறிக்கின்றன. வழி கிடைக்கும் இடங்களில் காற்று நெருக்கியடித்துப் புகுகிறது. நெருங்கும்போது வேகம் கூடுகிறது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், கம்பம் கணவாய், தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் என்று நான்கு வாசல்கள். இன்றும் மாநிலத்தின் காற்றாலைகள் பெரும்பாலும் இந்த நான்குக்கும் எதிரேதான்.

சேர்வராயன் மலை இந்த வாசல்களில் எதற்கும் நேர் எதிரே இல்லை. கோவைக்கும் சேலத்துக்கும் இடையே சுமார் 160 கிலோமீட்டர் திறந்தவெளி. பாலக்காட்டு வழியாகப் பீறிட்டு வரும் காற்று அதற்குள் பரந்து தணிந்துவிடுகிறது. மலையின் வடிவமும் உதவவில்லை. மெதுவாக ஏறும் குன்றின் மேல் காற்று வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் செங்குத்தாக எழும் சரிவின் விளிம்பில் காற்று தரையை விட்டுப் பிரிந்து சுழிக்கும். இறக்கையின் ஒரு நுனியில் பலத்த காற்று, மறு நுனியில் தளர்ந்த காற்று என்றால் அந்த உதறலை வாங்கிக்கொள்வது கியர்பாக்ஸும் பேரிங்கும்தான். போதாக்குறைக்கு 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் அந்த அளவுக்கு மின்சாரம் குறையும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்த நாள் முதல் இந்த மலையின் பொருளாதாரம் காற்றைத் தடுப்பதில் இருக்கிறது. காபிச் செடிக்கு நிழலும் காற்றுத் தடுப்பும் வேண்டும். அதற்காகத்தான் வரிசை வரிசையாகச் சில்வர் ஓக் நட்டு, அதன்மேல் மிளகுக் கொடியை ஏற்றுகிறார்கள். காற்றாலைக்காரர் மரத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். எஸ்டேட்காரர் மரத்தை வெட்டச் சொன்னால் விரட்டுவார். இருவரும் ஒரே நிலத்தில் பிழைக்க முடியாது.

மறுபுறம், கம்பி மட்டும் சேலத்துக்குச் சாதகமாக இருந்தது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்மின் நிலையம் 1937இல் ஓடத் தொடங்கியதிலிருந்தே இந்த வட்டாரம் மின் கட்டமைப்பின் முதுகெலும்பில் இருந்தது. காற்று இருந்த தெற்கிலோ, கிணற்று மோட்டாருக்குப் போட்ட மெல்லிய கம்பிகள்தாம். 1986இல் மின்வாரியம் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தன் முதல் செயல்விளக்கப் பண்ணையை அமைத்தபோது அதன் மொத்தத் திறன் ஒரு மெகாவாட்டைச் சற்றே தாண்டியது. 1990இல் டென்மார்க்கின் டானிடா உதவியுடன் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் சேர்த்துப் பத்து மெகாவாட் வந்தது. இந்த அளவுக்கு அந்தக் கம்பிகள் தாக்குப்பிடித்தன.

பிறகு வந்தது தனியார் வெள்ளம். காற்றாலை வாங்கிய முதல் ஆண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற மத்திய அரசின் சலுகை அதன் மூலம். கோவை, திருப்பூர், ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு இது இரட்டை லாபம். பஞ்சுக்கு அடுத்து அவர்களின் பெருஞ்செலவு மின்சாரம். முப்பந்தலில் உற்பத்தி செய்து, மின்வாரியக் கம்பி வழியே தன் மில்லுக்கு எடுத்துக்கொள்வது வீலிங். சீசனில் மிஞ்சியதை வாரியத்தின் கணக்கில் வைத்துக் காற்றில்லாத மாதங்களில் எடுப்பது பேங்கிங். வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி கிடைக்கும், இங்கே வாரியம் கட்டணம் பிடிக்கும். அப்படியும் கட்டுபடியானது. 1990களின் நடுவில் நாட்டின் காற்று மின்திறனில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருந்தது.

வரிச் சலுகை காற்றாலையை வளர்த்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது வளர்த்தது இயந்திரங்களின் எண்ணிக்கையை, யூனிட்டை அல்ல. வரிச் சட்டப்படி ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குத் தேய்மானம் பாதிதான். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் காற்றாலையை ஓட்டிக் காட்ட ஓர் அவசரம் எப்போதும் இருந்தது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று அடங்கும் நேரத்தில் காற்றாலையைத் திறந்துவைக்க ஓடுவது ஆடிட்டர்களின் நாட்காட்டியில் மட்டுமே நியாயம். 1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் வேகம் குன்றியதைப் பார்த்தால், முதலீட்டை இழுத்தது காற்றா, வரியா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். சலுகை பின்னர் 80 சதவீதமாகி, 2012இல் நிறுத்தப்பட்டு, 2014இல் திரும்பி, 2017இல் 40 சதவீதமானது. விளையும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா என்ற ஊக்கத்தொகை 2009 இறுதியில்தான் வந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டியது அதுதான்.

இதற்கிடையே கம்பி திணறியது. தூண்டல் ஜெனரேட்டர் தானாக மின்சாரம் தராது. தன் காந்தப்புலத்துக்குக் கட்டமைப்பிலிருந்தே எதிர்வினைத் திறனை இழுத்துக்கொள்ளும். ஒரே ஊரில் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் அப்படி இழுத்தால் மின்னழுத்தம் சரியும், காற்று நன்றாக வீசும்போதே காற்றாலைகள் கழன்றுகொள்ளும். அந்தத் திறனை அங்கேயே தரும் கெபாசிட்டரைப் பொருத்தச் சொல்லி, இழுத்த எதிர்வினை யூனிட்டுக்கு வாரியம் கட்டணம் போட்டது. பின்னர் வந்த கியர்பாக்ஸ் இல்லாத இயந்திரங்களும் மின்னணு மாற்றிகளும் இந்தக் குறையை நீக்கின. ஆனால் காற்று கொட்டும் நாளில் வாரியம் எடுத்துக்கொள்ள முடியாமல் நிறுத்தச் சொல்வது தொடர்ந்தது. அனல்மின் நிலையத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. 400 மெகாவாட் கடம்பாறை நீரேற்று நிலையம் ஒன்றுதான் மிஞ்சியதை விழுங்கக் கைவசம் இருந்தது. தேனியின் தப்பகுண்டு, உடுமலைப் பக்கத்து ஆனைக்கடவு, ராசிபாளையம் என்று 400 கிலோவோல்ட் பாதை, முதல் பண்ணைகள் எழுந்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் உருவெடுத்தது. வடக்கே பெரிய நகரங்களும் ஆலைகளும் இருக்கும் திசைக்குக் காற்று மின்சாரத்தைக் கொண்டுபோகும் பாதை இது.

சென்னை பள்ளிக்கரணையில் 1998இல் தொடங்கி இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் என்று அழைக்கப்படும் அமைப்பு, தமிழ்நாட்டின் காற்று வளத்தை 100 மீட்டர் உயரத்தில் 33.8 கிகாவாட் என்றும் 150 மீட்டரில் 95.1 கிகாவாட் என்றும் மதிப்பிட்டிருக்கிறது. காற்று மாறவில்லை, டவர்தான் உயர்ந்தது. முள்ளக்காட்டுக் காலத்து இயந்திரத்தின் மையம் இருபது மீட்டரைச் சற்றே தாண்டி இருந்தது. அதன் இறக்கை ஏழரை மீட்டர். லாரியில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் வரைபடம் கணவாயைக் காட்டியது. 100 மீட்டர் விட்டமுள்ள இன்றைய சுழலி பழையதைப் போல் 44 மடங்கு பரப்பைத் துழாவுகிறது. அதன் இறக்கை ஏறக்குறைய ஐம்பது மீட்டர். சேலத்திலிருந்து ஏறும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் வளைவையே அது திரும்பாது. மேலும், மலை தர வேண்டிய உயரத்தைச் சமவெளியில் டவரே தந்துவிடுகிறபோது மலைக்குப் போகும் தேவையும் இல்லை.

காற்று மின்திறனில் 2023இல் குஜராத் தமிழ்நாட்டை முந்தியது. மறு ஆண்டு தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் ஒரு கொள்கை அறிவித்தது. மாநிலத்தின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களைப் பிடித்துக்கொண்டிருப்பவை மிகப் பழைய, மிகச் சிறிய இயந்திரங்கள் என்பதால் இது தவிர்க்க முடியாதது. முப்பந்தலில் 250 கிலோவாட் இயந்திரங்கள் எட்டை எடுத்துவிட்டு ஒரே 2 மெகாவாட் நட்டாலும் திறன் அதேதான், விளைச்சல் கூடுதல். ஆனால் அந்த எட்டும் எட்டு மில்களுக்குச் சொந்தமாக இருக்கலாம்; ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனி மீட்டர், வாரியத்தோடு தனி ஒப்பந்தம். புதிய டவர் யார் நிலத்தில் நிற்பது, யூனிட்டை எப்படிப் பங்கு பிரிப்பது, பழைய பேங்கிங் உரிமை புதிய இயந்திரத்துக்குத் தொடருமா என்பதெல்லாம் பொறியாளர் தீர்க்கக்கூடிய கேள்விகள் அல்ல. கணவாய்களில் வேலை இப்போது இந்த இடத்தில்தான் நிற்கிறது.