வயிற்றில் ஏன் இவ்வளவு நீளக் கீறல்? சினைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனின் 200 வருடக் கதை

1/
"ஏனுங்க டாக்டர், எங்க கம்பெனில ஒருத்திக்கு கர்ப்பப்பையவே துளை போட்டு எடுத்தாங்க. நாலாவது நாளு எந்திரிச்சு நடக்கறா. எனக்கு மட்டும் எதுக்குங்க வயித்த இத்தன நீளம் கிழிக்கோணும்?"

கேட்டவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா. சினைப்பையில் புற்றுநோய்க் கட்டி. மேல்சிகிச்சைக்கு அனுப்பிய இடத்தில் திறந்த ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிங்கறதால பழைய முறையா?" என்பதுதான் அவர் கேட்காமல் கேட்ட கேள்வி.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல 200 வருஷம் பின்னாடி போகணும். வாங்க.

2/
1809 டிசம்பர். அமெரிக்காவின் கென்டக்கி. ஜேன் டாட் க்ராஃபோர்ட் என்ற பெண்ணுக்கு வயிறு பெரிதாகிக்கொண்டே போனது. பரிசோதித்த எஃப்ரைம் மெக்டவல், இது கர்ப்பம் இல்லை, சினைப்பைக் கட்டி என்றார். அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்தால் மரணம் நிச்சயம் என்பதுதான் மருத்துவர்களின் நம்பிக்கை. ஜேன் சம்மதித்தார். சுமார் 60 மைல் குதிரையில் டாக்டரின் வீட்டுக்கு வந்தார்.

மயக்க மருந்து கிடையாது. ஈதர் புழக்கத்துக்கு வந்ததே 1846-இல்தான். 25 நிமிடத்தில் வெளியே வந்த கட்டியின் எடை 10 கிலோவுக்கும் மேல். ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தபோது ஜேன் தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார். அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

3/
ஆனால் அது புற்றுநோயாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒரே மூட்டையாக இருக்கும் கட்டியை எடுத்தால் வேலை முடிந்தது. புற்றுநோய் அப்படி இல்லை.

சினைப்பை வயிற்றுக்குள் திறந்த இடத்தில் இருக்கும் உறுப்பு. அதிலிருந்து உதிரும் புற்றணுக்கள் வயிற்று நீரோடு மிதந்துபோய் குடல் மேல், குடலை மூடும் கொழுப்புத் திரையில், மேலே உதரவிதானத்துக்கு அடியில் என்று கடுகு தூவின மாதிரி ஒட்டி வளரும். கட்டி கீழே இருந்தாலும் கீறல் தொப்புளைத் தாண்டி மேலே போவது இதனால்தான். எல்லா மூலையையும் கண்ணால் பார்க்கணும், கையால் தடவணும்.

4/
1934-இல் பாஸ்டனின் ஜோ மெய்க்ஸ், முழுசா எடுக்க முடியாவிட்டாலும் முடிந்தவரை எடுங்கள் என்றார். அதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் தாமஸ் கிரிஃபித்ஸ், 1975-இல். உள்ளே மிச்சமிருக்கும் கட்டி சுமார் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் சிறிதாக இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு விட்டுவிட்டு வந்தோம் என்பதே முக்கியம். இன்றைய இலக்கு, கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் பூஜ்யம்.

5/
அப்படின்னா பெரிய ஆபரேஷன்தான் எப்பவும் நல்லதா? அதுவும் இல்லை.

2010-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு, நோய் பரவிய 670 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு முதலில் ஆபரேஷன். இன்னொன்றுக்கு முதலில் 3 சுற்று கீமோ, பிறகு ஆபரேஷன். வாழ்நாள் கிட்டத்தட்ட ஒன்றுதான், 29 மாதம், 30 மாதம். ஆபரேஷனை ஒட்டிய மரணம் கீமோ முதலில் பெற்றவர்களிடம் குறைவு. "கீமோ குடுத்துட்டு ஆபரேஷன் பண்ணலாம்னு இழுத்தடிக்கறாங்க" என்று நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவும்.

2019-இல் இன்னொரு ஆய்வு. நோய் முற்றியவர்களுக்குக் கட்டி முழுசா எடுத்தபின், பார்க்க நன்றாக இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் வழித்தெடுப்பது பலகாலப் பழக்கம். 647 பெண்களில் சோதித்தார்கள். கூடுதல் ஆயுள் இல்லை, சிக்கல்கள்தான் கூடின.

6/
சரி, துளை ஆபரேஷன்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 2018-இல் ஒரு பெரிய அதிர்ச்சி. ஆரம்பகட்ட நோயில் துளை முறையையும் திறந்த முறையையும் ஒப்பிட்டதில், நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் துளை முறையில் 86%, திறந்த முறையில் 96.5%. தழும்பு சின்னது என்பதால் சிகிச்சை நல்லது என்று ஆகாது.

சினைப்பையில் வேறொரு சிக்கல். ஒரு பையோடு நிற்கும் கட்டி எடுக்கும்போது உள்ளேயே உடைந்தால், அதனாலேயே நோயின் நிலை ஒரு படி ஏறிவிடும். அதற்காகத் துளை முறை வேண்டாத முறை இல்லை. முழுசா எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேமரா விட்டுப் பார்க்க அது அருமையான வழி. தேர்ந்தெடுத்த சிலருக்கு ஆபரேஷனே அப்படிச் செய்கிறார்கள். யாருக்கு என்பதைப் புற்றுநோய் அறுவை நிபுணர் முடிவு செய்யணும்.

7/
இனி அந்தக் "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி" சந்தேகம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் முயற்சியில் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் சாந்தா கடைசிவரை அங்கேயே இருந்தார். பணம் இல்லாதவருக்கும் அதே தரமான சிகிச்சை என்பது நம்ம மாநிலத்தில் 70 வருஷப் பழக்கம். இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷனும் கீமோவும் வருகின்றன. கீறலின் நீளத்தை முடிவு செய்வது நோய். ஆஸ்பத்திரி அல்ல.

8/
அக்காவிடம் இவ்வளவும் சொல்லலை. "பீஸை மடிச்ச மடிப்புலயே பார்த்து பாஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க, வெளிச்சத்துல விரிச்சுப் போட்டுத்தான் பார்க்கோணும். ஒரு ஓட்ட, ஒரு ஆயில் கறை இருந்தாலும் மொத்த லாட்டும் திரும்பி வந்துருமுங்க."

"அவங்களும் அதைத்தான் பண்றாங்க அக்கா."

கொஞ்ச நேரம் யோசிச்சவர், லீவு எத்தனை நாள் சொல்லணும் என்று கேட்டார்.

9/
கடைசியா ஒன்று. இந்த நோயை முன்கூட்டியே பிடிக்க எல்லாருக்கும் செய்யக்கூடிய நம்பகமான ஸ்கிரீனிங் இன்னும் இல்லை. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்து ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் ஆய்வு செய்து பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவு, இறப்பு குறையவில்லை.

அதனால் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். தொடர்ந்து வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இரண்டு மூன்று வாரமாகத் தினமும் இருந்தால், அதுவும் 50 வயதைத் தொட்டவர் என்றால், கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகாதீர்கள். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

உங்க வீட்டு அம்மா, அக்கா, அத்தைகளுக்கு இதை அனுப்புங்க.