தன்னையுண்ணும் கலம்

உயிரின் அடிப்படை அலகு கலம். அது வாழ்வது போலவே சாவதும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதே என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தெளிவாயிற்று. காக்க வந்த ஒன்று கொலையாளியென நெடுங்காலம் ஐயுறப்பட்ட கதையும் அவ்வரலாற்றில் அடங்கியுள்ளது.

பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்தியன் டி டூவே, செரிப்பு நொதியங்களைக் கொண்ட நுண்பைகள் கலத்தினுள்ளே உள்ளன எனக் கண்டு, 1955 இல் அவற்றுக்கு இலைசோசோம் எனப் பெயரிட்டார். கலம் தன் பகுதிகள் சிலவற்றை மென்சவ்வாற் பொதிந்து இப்பைகளிற் சேர்த்துச் செரித்துக்கொள்கிறது. 1963 இல் இலண்டனில் நடந்த கருத்தரங்கில் அவர் இச்செயலை 'ஓட்டோபேஜி' என்றார். 'தன்னையுண்ணல்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

அடுத்த ஆண்டில் லொக்சின், வில்லியம்ஸ் என்போர், பட்டுப்பூச்சியின் தசைகள் சில முன்னரே வகுத்த திட்டப்படி அழிவதை விளக்கினர். 1972 இல் கெர், வைலி, கறி என்னும் மூவர், கலம் சுருங்கித் துண்டுகளாகி மடியும் முறைக்கு, இலையுதிர்தலைக் குறிக்கும் 'அப்பொப்டோசிஸ்' என்னும் சொல்லை வழங்கினர்.

இறக்கும் கலங்கள் சிலவற்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, தன்னையுண்ணலின் பைகள் மிகுந்து காணப்பட்டன. ஆகவே சாவுக்கு அதுவே காரணமெனப் பலர் கொண்டனர். கையிற் சிலம்பு இருந்தமையாற் கோவலன் கள்வனெனப்பட்டமை போன்றது இது. பிணத்தருகே நிற்பவர் கொன்றவராகவும் இருக்கலாம். காக்க முயன்று தோற்றவராகவும் இருக்கலாம்.

வழக்கை மீள விசாரிக்க மதுவம் உதவிற்று. யப்பானிய அறிஞர் யொசினோரி ஓசுமியின் ஆய்வுக்குழு, இச்செயல் குன்றிய மதுவ வகைகளைப் பிரித்தெடுத்து, அதற்கு வேண்டிய 15 பரம்பரையலகுகளை 1993 இற் சுட்டியது. அவற்றிற் குறையுடைய மதுவம் பட்டினியில் விரைவில் மடிந்தது. 2004 இல் எலிக்குஞ்சுகளிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. பிறந்தவுடன் தாயின் நச்சுக்கொடி வழி வந்த உணவு நின்றுவிடப் பால் கிடைக்கும் வரை குஞ்சின் கலங்கள் தம்மையே சிறிது உண்டு உயிர் தரிக்கின்றன. அவ்வாற்றலற்ற குஞ்சுகள் ஒரு நாளுள் இறந்தன. ஓசுமிக்கு 2016 இல் நொபெல் பரிசு கிடைத்தது.

எனினும் இருவழிகளும் தொடர்பற்றனவல்ல. அப்பொப்டோசிசைத் தடுக்கும் ஒரு புரதமே தன்னையுண்ணலையும் அடக்குகிறது என 2005 இல் பெத் லெவீன் குழுவினர் காட்டினர். பழ ஈயின் உருமாற்றத்தின்போது உமிழ்நீர்ச் சுரப்பி அழிவதற்குத் தன்னையுண்ணலும் துணைபுரிகிறது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. புற்றுநோய்க் கலங்களும் மருந்தின் தாக்கத்தைத் தாங்கத் தம்மையுண்பதுண்டு. அங்கே அச்செயலைக் கொலையாளியென மயங்கித் தூண்டிவிடுவோர் நோயையே காத்தவராகக்கூடும். தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும் என்பது அரசர்க்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் உரிய அறமாகும்.