அளவுகோலும் கூற்றும்: சுனில் குப்தாவின் தில்லி ஒளிப்படங்களில் முகமும் பெயரும்

முன்னுரை

ஓர் ஆவணத்தில் இடம்பெறுவோர் தம்மைத் தாமே பதிவு செய்துகொண்டனரா, பிறரால் பதிவு செய்யப்பட்டனரா என்னும் வினா வரலாற்றாய்வில் முதன்மையானது. பிறர் எழுதிய ஏட்டில் ஒருவர் குற்றவாளியாகவோ காட்சிப்பொருளாகவோ நிற்கக்கூடும். தாம் உருவாக்கிய ஏட்டில் அவரே கூறுவோராக நிற்கிறார். இந்தியாவில் தன்பாலீர்ப்புடைய ஆண்கள் நெடுங்காலம் முதல்வகை ஏடுகளிலேயே பெரிதும் இடம்பெற்றனர். இந்நிலையை மாற்றியோருள் குறிப்பிடத்தக்கவர் ஒளிப்படக் கலைஞர் சுனில் குப்தா. 1953இல் புதுதில்லியில் பிறந்த இவர், தாமும் தன்பாலீர்ப்புடையவர் என்பதை மறையாது, தம்மைப் போன்றோரின் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்தவர். இவருடைய தில்லிப் படங்களில் மறைந்த முகம் நேர்நோக்கும் முகமாகவும், பெயரின்மை பெயருடைமையாகவும் மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மாற்றத்தின் பொருளை உணர, அதற்கு நேர்மாறான ஒளிப்பட மரபு தழைத்த அந்தமான் தீவுகளிலிருந்து தொடங்குவது தேவையாகிறது. தொல்காப்பியம் கூறும் அக, புறப் பாகுபாடு இவ்வாய்வுக்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

1. தண்டனையும் தீவும்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு, 1862 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானதென அச்சட்டம் கருதிய உடலுறவைக் குற்றமாக்கியது. இப்பிரிவு தொடக்கத்தில் விதித்த பெருந்தண்டனை ஆயுட்சிறை அன்று. ஆயுட்காலம் முழுமைக்குமான கடல்கடத்தலே ஆகும். 1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வாயிலாகவே அவ்விடத்தில் ஆயுட்சிறை என்னும் தொடர் அமைந்தது.

கடல்கடத்தல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் அந்தமானையே குறித்தது. 1857 கிளர்ச்சியை அடுத்து, 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட இந்நகரே, காலாபானி என மக்கள் அஞ்சிய தண்டனையின் தலைமையிடம். எனவே ஒருவகைக் காதலைக் குற்றமாக்கிய சட்டம், அதன் மிகக் கடுமையான முடிவாக ஒரு தீவைக் கருதியிருந்தது எனலாம். நாட்டைவிட்டு அகற்றுதல் என்னும் கருத்து அப்பிரிவின் சொல்லமைப்பிலேயே இருந்தது.

இதே தீவுகளில்தான் காலனிய ஒளிப்படக்கலையின் ஒரு முனைப்பான வடிவமும் உருவாயிற்று. 1879 முதல் அந்தமானியருக்குப் பொறுப்பான அலுவலராக விளங்கிய மாரிஸ் விடால் போர்ட்மன், 1890களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்காக அவர்களைப் பெருமளவில் படமெடுத்தார். கட்டமிட்ட திரைக்கு முன் ஆடையின்றி நிறுத்தி, முன்புறமும் பக்கவாட்டிலுமாக எடுக்கப்பட்ட படங்கள் அவற்றுள் உண்டு. திரையிலுள்ள கட்டங்கள் உடலை அளப்பதற்கான அளவுகோல். படத்திலுள்ளவர் கேமராவை நேரே நோக்கினும், அந்நோக்கு அவர் தேர்ந்தது அன்று. நிறுத்தப்பட்ட நிலையின் விளைவு. அப்படங்களில் அளவு உண்டு, கூற்று இல்லை. பெரிய அந்தமானியர் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராகக் குறைந்திருந்தனர் என்பதை நோக்க, அழிந்துவரும் மக்களின் உருவத்தைச் சேமித்தல் என்னும் எண்ணமே இம்முயற்சியை இயக்கியது என்பது புலனாகும்.

அந்தமானியரின் வரலாறும் தன்பாலீர்ப்புடையோரின் வரலாறும் ஒன்றல்ல. இவண் ஒப்பிடப்படுவன மக்கள் அல்லர், படமெடுக்கும் முறைகளே. கேமராவின் பின்னிருப்பவருக்கும் முன்னிருப்பவருக்கும் உள்ள உறவு மாறும்போது ஆவணத்தின் இயல்பும் மாறுகிறது என்பதே ஒப்பீட்டின் நோக்கம்.

2. பெயர் சுட்டாமை: அகத்தின் சாயல்

குப்தாவின் குடும்பம் 1969இல் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குக் குடிபெயர்ந்தது. வணிக மேலாண்மை கற்க 1976இல் நியூயார்க் சென்ற அவர், அங்கு லிசெட் மாடல் என்னும் புகழ்பெற்ற கலைஞரிடம் ஒளிப்படக்கலை பயின்றார். அவ்வாண்டில் எடுத்த 'கிறிஸ்டபர் ஸ்ட்ரீட்' வரிசையில், 1969 ஸ்டோன்வால் கிளர்ச்சி நிகழ்ந்த அத்தெருவில் ஆண்கள் முகம் மறைக்காமல், ஒளிவுமறைவின்றி நடந்து செல்கின்றனர். பத்தாண்டுகள் கழித்து, இலண்டன் ஃபோட்டோகிராபர்ஸ் கேலரியின் ஆதரவில் 1986-87இல் தில்லியில் அவர் எடுத்த 'எக்சைல்ஸ்' வரிசையிலோ நிலைமை வேறு. மனிதர்கள் முதுகு காட்டியிருக்கின்றனர். அல்லது முகம் நிழலிலோ படச்சட்டத்திற்கு வெளியிலோ நிற்கிறது. எடுத்தவர் ஒருவரே, பொருளும் ஒன்றே, மாறியது நிலம். ஆதலின் முகமறைவு கலைஞரின் நடையன்று, தில்லியின் சட்டமும் குடும்ப அமைப்பும் விதித்த நிபந்தனை எனத் துணியலாம்.

'எக்சைல்ஸ்' என்பதற்கு நாடு கடத்தப்பட்டோர் என்பது பொருள். சொந்த ஊரிலேயே வாழும் மனிதருக்கு இத்தலைப்பு இடப்பட்டமை கருதத்தக்கது. கடல்கடத்தல் என்னும் சொல் சட்டத்திலிருந்து நீங்கி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், அகற்றப்பட்ட நிலை மட்டும் நீங்கவில்லை என்பதை இத்தலைப்பு உணர்த்துகிறது. அதற்குக் கப்பலும் தீவும் தேவைப்படவில்லை. பெயர் சொல்ல இயலாமையே போதுமானதாயிற்று.

இவ்வரிசையின் அமைப்பு தமிழ் ஆய்வாளருக்கு அகப்பாடலை நினைவூட்டும். ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், ஹௌஸ் காஸ் என நிலம் தெளிவாகச் சுட்டப்படுகிறது. மாந்தர் பெயர் சுட்டப்படுவதில்லை. படத்தின் அருகே ஒரு கூற்று மட்டும் இடம்பெறுகிறது. படத்திலுள்ளவரே அக்கூற்றைச் சொன்னார் எனக் கொள்ள வேண்டுவதில்லை. அகப்பாடலின் தலைவன் தலைவியர் போல, கூற்று ஒருவருக்கன்றி ஒரு நிலைக்கு உரியதாகிறது. ஐந்திணை மாந்தரை இன்னார் எனப் பெயர் சுட்டலாகாது எனத் தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கிறது. பெயரேயன்றி அடையாளமும் விலக்கத்தக்கது என்பதற்கு நெடுநல்வாடை சான்று: அதில் வரும் வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுவதால் நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறம் என்றார். ஓர் இலையால் ஒருவர் அறியப்படுவார் எனில், ஒரு கன்னத்தின் சாயலாலும் அறியப்படலாம். தில்லி மாந்தர் அஞ்சியது இதனையே.

எனினும் ஒப்புமை இங்கு முடிந்துவிடுகிறது. அகப்பாடலில் பெயரின்மை காதலை எல்லோர்க்கும் பொதுவாக்கும் இலக்கிய மரபு. 'எக்சைல்ஸ்' வரிசையில் பெயரின்மை சட்டத்தாலும் ஊரலராலும் திணிக்கப்பட்டது. முன்னது பொதுமை நோக்கியது. பின்னது காப்பு நோக்கியது. இவ்வேறுபாட்டைக் கருதாது முகமறைவை அழகியலாக மட்டும் போற்றுவது பொருந்தாது.

3. பெயர் சுட்டல்: புறத்தை நோக்கி

பிறரிடம் முகத்தையும் பெயரையும் கேட்கும் முன் குப்தா தம்மையே ஆவணமாக்கினார். 1995இல் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்தபின், தம் உடலையும் நோயையும் 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிடி' (1999) என்னும் வரிசையில் காட்சிப்படுத்தினார். இச்செயல் பின்னைய படங்களுக்கு அறஞ்சார்ந்த அடித்தளமாயிற்று. கேமராவின் பின்னிருப்பவர் முன்னும் வந்து நின்றதால், போர்ட்மன் மரபில் இல்லாத சமநிலை ஒன்று உருவானது.

2000களின் நடுவில் தில்லிக்குத் திரும்பிய அவர், 2007 முதல் 'மிஸ்டர் மல்ஹோத்ராஸ் பார்ட்டி' என்னும் வரிசையை உருவாக்கினார். அக்காலத்தில் தில்லிக் கேளிக்கை விடுதிகளில் தன்பாலீர்ப்புடையோர் கூடும் இரவுகள், காவல்துறைக்கு அஞ்சி, கற்பனையான ஒருவர் பெயரில் தனி விருந்தாக அறிவிக்கப்படுவதுண்டு. அவ்வழக்கத்திலிருந்தே இத்தலைப்புப் பிறந்தது. தலைப்பிலுள்ள பெயர் பொய். படங்களிலுள்ள பெயர்களோ மெய். பகல் வெளிச்சத்தில், தில்லித் தெருக்களில் நின்று, ஆண்களும் பெண்களும் கேமராவை நேரே நோக்குகின்றனர். பிறர் பெயரின் மறைவில் கூடியவர்கள் தம் பெயரில் வெளிப்பட்டமையால் இவ்வரிசை புறத்தின் இயல்பை எய்துகிறது. இந்நேர்நோக்கு நிறுத்தப்பட்டவரின் நோக்கன்று. நிற்க இசைந்தவரின் நோக்கு.

இவ்விடத்துக் கால வரிசை இன்றியமையாதது. நாஸ் அறக்கட்டளை வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், வயதுவந்தோர் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது 2009 சூலை 2இல். இவ்வரிசையோ அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது. சட்டம் காப்பளித்த பின் முகங்கள் வெளிப்பட்டன எனப் பொதுவாகக் கருதுவர். காலச்சான்று அதற்கு மாறாக உள்ளது: குற்றம் என்னும் முத்திரை நீங்குமுன்பே சிலர் முகத்தையும் பெயரையும் அளித்துவிட்டனர். தீர்ப்பு அவர்களைப் பின்தொடர்ந்தது என்பதே பொருந்தும்.

இத்துணிவு எளிதில் வெற்றி பெற்றதாகக் கொள்ளுதல் கூடாது. 2012இல் தில்லி அலையான்ஸ் பிரான்சேயில் நிகழ்ந்த குப்தாவின் கண்காட்சி, புகார் ஒன்றின்பேரில் காவல்துறையினர் தலையிட்டதால் மூடப்பட்டது. 2013 திசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளியது. பெயரோடும் முகத்தோடும் நின்றவர்கள் மீண்டும் சட்டத்தின் பார்வையில் குற்றத்திற்கு உரியோராயினர். ஒருமுறை வெளிப்பட்ட முகத்தைத் திரும்ப மறைத்தல் இயலாது. இவ்வரிசையை 2013க்குப் பின் காண்போர் அதன் துணிவோடு அதன் இடரையும் சேர்த்தே காண வேண்டியுள்ளது.

4. எல்லோர்க்கும் உரிய முகமா?

பெயர் சுட்டும் துணிவுக்கு வர்க்கமும் கல்வியும் துணைநிற்கின்றன என்பது மறுக்கவியலாதது. எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்டவரும் குப்தாவின் துணைவருமான சரண் சிங், 'கோதிஸ், ஹிஜராஸ், கிரியாஸ் அண்ட் அதர்ஸ்' (2013-14) என்னும் வரிசையில் இவ்விடைவெளியை எதிர்கொண்டார். நோய்த்தடுப்பு விளம்பரங்களிலும் இனவியல் படங்களிலும் வகைமாதிரிகளாகக் காட்டப்பட்ட எளிய மக்கள், இவ்வரிசையில் தாம் விரும்பிய தோற்றத்தில் நிற்கின்றனர். அந்தமானில் அளவுகோலாய் நின்ற திரை, இங்கு நிழற்படக் கடையின் திரை போல விருப்பத்தின் பின்னணியாகிறது எனலாம். இருவரும் இணைந்து 2016இல் வெளியிட்ட தில்லிச் சமூகம் பற்றிய நூலில் படத்தோடு வாழ்க்கை வரலாறும் விரிவாக இடம்பெறுகிறது, கூற்று முழுமையடைகிறது.

தமிழிலும் இத்தகைய இயக்கம் நிகழ்ந்துள்ளது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' புறத்தேயிருந்து பரிவுடன் எழுதப்பட்ட நாவல். அதனை அடுத்து, ஆ. ரேவதி முதலில் பிற திருநங்கையரின் வாழ்வைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' (2005) நூலை அளித்தார். பின்னரே 'வெள்ளை மொழி' (2011) என்னும் தன்வரலாற்றைத் தமிழில் தந்தார். படைப்புக் கருவி வேறாயினும், பிறர் சொல்லும் நிலையிலிருந்து தாம் கூறும் நிலைக்கு நகர்தல் இரண்டிலும் பொதுவாகிறது.

முடிவுரை

அந்தமானியர் படங்களில் அளவு உண்டு, கூற்று இல்லை. 'எக்சைல்ஸ்' வரிசையில் கூற்று உண்டு, பெயர் இல்லை. 'மிஸ்டர் மல்ஹோத்ரா' வரிசையில் பெயரும் நேர்நோக்கும் உண்டு. இம்மூன்று நிலைகளும் கேமராவின் உரிமை யாரிடம் இருந்தது என்பதன் வரலாறு.

2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் இசைவுள்ள வயதுவந்தோர் உறவைக் குற்றத்தின் நீக்கியது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவுக்கு இணையான பிரிவு இல்லை. ஆயினும் 2023 அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பில் ஒருபால் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு கிட்டவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலை அடுத்து, தமிழ்நாடு அரசு 2022இல் இம்மக்களைக் கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலை வெளியிட்டது. பெயரிடும் பணி மொழியறிஞரின் பணியுமாகும் என்பதை இது உணர்த்துகிறது.

அகமாந்தர் பெயரின்றி நிற்பது மரபு. மனிதர் பெயரின்றி நிற்பது தண்டனை. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண்ணைத் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே அளித்துள்ளது. அக்கண்ணோடு இத்தகைய ஒளிப்பட ஆவணங்களை அணுகுவது தமிழாய்வின் எல்லைக்குள் அடங்குவதே.