வீல் பேரிங் சொல்லும் கதை

பிக்கப் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் கீழேயிருந்து "ம்ம்ம்..." என்று ஒரு முனகல். கியரை மாற்றினாலும் போகவில்லை. வேகம் கூடினால் முனகலும் கூடுகிறது. டயரா? கியர் பெட்டியா? அல்லது வீல் பேரிங்கா?

வண்டி வைத்திருக்கும் பலரும் ஒருநாள் சந்திக்கும் கேள்வி இது. உள்ளங்கையில் அடங்கும் அந்த இரும்பு வளையம் போனால் சக்கரம் ஆடும், சூடாகும், கடைசியில் கழன்றுகூட ஓடிவிடும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருளின் நோயை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்? அது ஒரு தனி வரலாறு. அதில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது.

தார் வாளி காலம்

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் சரக்கு ஏற்றிய கானஸ்டோகா வண்டிகளின் பின் அச்சில் ஒரு வாளி தொங்கும். அதில் இருப்பது தாரும் கொழுப்பும் கலந்த மசகு. சக்கரத்தின் குடம் அச்சின் மேல் நேரடியாக உரசிக்கொண்டு சுற்றியதால், வழியில் அடிக்கடி நிறுத்திப் பூச வேண்டியிருந்தது. நோயைக் கண்டுபிடிப்பதும் சுலபம். கிறீச்சென்று கத்தினால் மசகு தீர்ந்துவிட்டது என்று பொருள்!

உரசுவதற்குப் பதிலாக உருண்டால் பாரம் லேசாகும் என்பது முன்பே தெரிந்ததுதான். 1794-இல் வேல்ஸ் நாட்டின் கார்மார்த்தன் ஊரைச் சேர்ந்த பிலிப் வான், வண்டி அச்சில் இரும்புக் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் எல்லாக் குண்டுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டுமே! ஒன்று சற்றுப் பெரிதாக இருந்தாலும் மொத்தப் பாரமும் அதன் தலையில் விழும். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகுக் குண்டுகளைத் துல்லியமாகச் சாணை பிடிக்கும் இயந்திரத்தைச் செய்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

வண்டி செய்பவரின் கூம்பு

குண்டுகள் சைக்கிளுக்குப் போதும். பாரவண்டிக்கு? வண்டி திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. நேரான உருளைகள் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கத் தள்ளலைத் தாங்காது.

இதற்கு விடை கண்டவர் ஹென்றி டிம்கன். ஜெர்மனியில் 1831-இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்து, செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்தவர். 1898-இல் தன் மருமகன் ரெஜினால்ட் ஹைன்சல்மனுடன் சேர்ந்து கூம்பு வடிவ ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். ரோலர்களும் அவை ஓடும் பாதைகளும் சாய்வாக இருப்பதால், மேல்பாரம், பக்கத் தள்ளல் இரண்டையும் ஒரே பேரிங் தாங்கியது.

இன்னொரு நன்மையும் இருந்தது. மெக்கானிக்குகள் 'கப்', 'கோன்' என்று சொல்லும் இரண்டு பாகங்களையும் தனியாகப் பிரிக்கலாம். தேய்ந்து ஆட்டம் வந்தால் நட்டைச் சற்று இறுக்கிச் சரிசெய்யலாம். குதிரை வண்டிக்காகப் பிறந்த இந்தப் பேரிங்தான் மோட்டார் வண்டிகளின் முன் சக்கரத்துக்குள் நுழைந்து பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது.

உள்ளங்கை வைத்தியம்

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியைப் பின்னால் சரக்குப் பெட்டியோடு 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலிருந்தே முழுதாக வந்த முதல் ஃபோர்டு பிக்கப் அதுதான். பிக்கப்புகள் மண்சாலை, சேறு, ஓடை எல்லாவற்றிலும் பாரத்தோடு ஓடின. தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெடும், பேரிங் துருப்பிடிக்கும். ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் வைப்பது வழக்கமான வேலையானது.

கூம்பு பேரிங் வந்தபின் அந்த வேலை இப்படி நடந்தது. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்குவார்கள். மூடியை எடுத்து, ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் வெளிப்பக்கத்துச் சின்ன பேரிங் கையில் விழும். ஆயில் சீலை நெம்பினால் உள்பக்கத்துப் பெரிய பேரிங் வரும். மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். ரோலர் நீலமாக இருந்தால் சூடாகிவிட்டது. பாதை செதில் செதிலாக உரிந்திருந்தால் உலோகம் களைத்துவிட்டது. புள்ளி புள்ளியாகக் குழிந்திருந்தால் தண்ணீர் போய்த் துரு தின்றிருக்கிறது. கெட்டிருந்தால் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

பிறகு உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி, ரோலர்களின் இடுக்கில் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுவார்கள். கடைசியில் வருவதுதான் கைத்திறன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, மறுபடி தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கிப் பின்னைப் போட வேண்டும். பல வண்டிகளில் அனுமதிக்கப்பட்ட ஆட்டம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 5 பங்குதான். அதிகம் இறுக்கினால் பேரிங் எரிந்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும். தளர விட்டால் சக்கரம் ஆடும். ஓட்டுபவரின் உயிர் மெக்கானிக்கின் விரல் நுனியில் இருந்தது என்றால் மிகையில்லை.

ஓடாத வண்டியில் தேய்ந்த பேரிங்!

1930களில் ஒரு விசித்திரம் நடந்தது. டெட்ராய்டிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பிய புத்தம் புதிய கார்கள் போய்ச் சேர்ந்ததும், அவற்றின் வீல் பேரிங்கில் வரிசையாகப் பள்ளங்கள்! ஒரு மைல்கூட ஓடாத வண்டிகள் அவை.

பள்ளங்களைப் பார்த்தால் பலமான அடி விழுந்தது போல இருக்கும். அப்படி அடியால் விழும் தழும்புக்கு 'பிரினெல்லிங்' என்று பெயர். கடினமான குண்டை உலோகத்தில் அழுத்திப் பள்ளத்தை அளக்கும் சோதனையை 1900-இல் அறிமுகப்படுத்திய ஸ்வீடன் பொறியாளர் பிரினெல்லின் பெயரால் வந்தது. ஆனால் ரயிலில் யார் அடித்தார்கள்?

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் ஜான் ஆல்மென் 1937-இல் விளக்கினார். கட்டி வைத்த சக்கரம் சுழலவில்லை. ஆனால் ரயிலின் அதிர்வில் ரோலர்கள் ஒரே இடத்தில் நுணுக்கமாக அசைந்துகொண்டே இருந்தன. அந்த இடத்துக் கிரீஸ் பிதுங்கி விலகிவிட்டது, சுழற்சி இல்லாததால் திரும்பி வரவில்லை. இரும்பும் இரும்பும் உரசித் துருநிறப் பொடியாகின. குளிரில் கிரீஸ் இறுகும்போது நிலைமை இன்னும் மோசம். இதற்கு 'போலி பிரினெல்லிங்' என்று பெயர் வந்தது.

இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அடி விழுந்த பள்ளத்தின் அடியில் சாணை பிடித்த பழைய கோடுகள் அப்படியே இருக்கும். உரசித் தேய்ந்த பள்ளத்தில் கோடுகள் அழிந்திருக்கும். கெட்டதை மாற்றுவது பாதி வேலை. ஏன் கெட்டது என்று படித்தறிவது மீதிப் பாதி. காரணம் தெரியாவிட்டால் புது பேரிங்கும் அதே வழியில் போகும்.

மூடப்பட்ட பெட்டி

கிரீஸ் வைப்பதில் அலட்சியம், நட்டை இறுக்குவதில் தவறு. இவை இரண்டும் மனிதத் தவறுகள். ஆகவே தொழிற்சாலைகள் மனிதக் கையையே விலக்க முடிவு செய்தன. பேரிங், கிரீஸ், சீல் எல்லாம் ஒன்றாக மூடிய 'ஹப்' வந்தது. 1988-இல் வந்த புதிய செவ்ரோலே பிக்கப்பின் நான்கு சக்கர இயக்க வகையில் முன் சக்கரங்களுக்கு இதுவே. பிறகு மற்ற பிக்கப்புகளிலும் பரவியது. பல ஹப்களில் ஏபிஎஸ் பிரேக்கின் சென்சாரும் சேர்ந்தே இருப்பதால், பேரிங் ஆட ஆரம்பித்தால் சில சமயம் ஏபிஎஸ் விளக்கு முதலில் எரியும்!

இப்போது கழற்றிப் பார்த்து நோய் அறிய வழியில்லை. காதும் கையும்தான் துணை. சாலையின் தரம் மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் டயர். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் 'கடக்' என்ற ஆட்டம் தெரியும். கையால் சுற்றியபடி ஸ்பிரிங்கைத் தொட்டால் கரகரப்பை விரல் உணரும்.

மாற்றுவதும் வேறு மாதிரி. துருப்பிடித்து ஒட்டிய ஹப்பைப் பிரிக்கத்தான் பாடு. போல்ட்டுகளையும் ஆக்ஸில் நட்டையும் டார்க் ஸ்பேனரால் கணக்காக இறுக்க வேண்டும். நட்டை இறுக்காமல் வண்டியைத் தரையில் உருட்டினால் புதுப் பேரிங்கே கெட்டுவிடலாம்.

தார் வாளியோடு நடந்த வண்டிக்காரரைவிட இன்றைய ஓட்டுநர் கொடுத்து வைத்தவர். பல ஆண்டுகள் பேரிங்கை நினைக்கவே வேண்டாம். ஆனால் மண்ணெண்ணெயில் கழுவிய ரோலரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது தண்ணீர் போனது, இது அதிகம் இறுக்கினது" என்று சொன்ன அறிவு, மூடிய ஹப்போடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. நமக்கு மிஞ்சியது அந்த முனகல் மட்டும். அதையாவது ரேடியோ சத்தத்தில் மூழ்கடிக்காமல் கேட்பது நல்லது.