அப்போஸ்தல மரபும் திருச்சபை ஒற்றுமையும்

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கீழ்பென்னாத்தூர் வட்டாரம் சைவம் தழைத்த நிலம். எனினும் கிறித்தவ வரலாறு பயில்வார்க்கும் இந்நிலம் ஒரு வினாவை எழுப்புகின்றது. இதனைச் சூழ்ந்த பகுதியில் மூன்று கிறித்தவ மரபினர் அருகருகே வாழ்கின்றனர். 1952இல் அமைந்த வேலூர் மறைமாவட்டக் கத்தோலிக்கர் ஒரு சாரார். டேனிய மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையார் மற்றொரு சாரார். அமெரிக்க ஆற்காடு மிஷன் வழிவந்து தென்னிந்தியத் திருச்சபையில் அடங்கினோர் பிறிதொரு சாரார். மூவரும் தம் போதனை அப்போஸ்தலர் போதனையே என்பர். அங்ஙனமாயின் பிரிவு எதனால் நேர்ந்தது? காரணம் பல, அவற்றுள் திருப்பட்டம் வழங்கும் உரிமை பற்றியதனை மட்டும் ஈண்டு ஆராய்வாம்.

குருபரம்பரை என்னும் கருத்து தமிழறிஞர்க்குப் புதியதன்று. அப்போஸ்தலர் கைவைத்து ஏற்படுத்திய அத்தியட்சர், தமக்குப்பின் வருவார்மேல் கைவைத்து அவ்வதிகாரத்தை வழங்கினர் என்பதே அப்போஸ்தல மரபுக் கொள்கை. மறைபொருள் உபதேசம் தம்மிடமே உண்டு என்ற ஞானவாதியரை மறுக்கப் புகுந்த இரேனியு, கி.பி. 180ஐ ஒட்டி, உரோமைநகர அத்தியட்சர் வரிசையை எடுத்துக்காட்டினார். அவர்க்கு அவ்வரிசை போதனையின் தூய்மைக்குச் சான்று. தனி ஆற்றலுக்குச் சான்றன்று. கி.பி. 258இல் உயிர் நீத்த கார்த்தேஜ் அத்தியட்சர் சிப்பிரியான், அத்தியட்சர் பதவி ஒன்றே என்றும், அதில் ஒவ்வொருவரும் பங்குடையர் என்றும் கூறி, ஒற்றுமையை அதன்மேல் நிறுவினார்.

ஆயின் அக்கார்த்தேஜிலேயே அக்கொள்கை பிளவுக்குக் கருவியாயிற்று. 311ஐ ஒட்டிச் செசிலியானுக்குப் பட்டமளித்தோருள் ஒருவர், துன்புறுத்தற் காலத்தில் திருமறை ஏடுகளைப் பகைவரிடம் ஒப்படைத்தவர் எனச் சிலர் குற்றஞ்சாட்டி, வேறோர் அத்தியட்சரை ஏற்படுத்தினர். இவரே பின்னர்த் தொனாத்தியர் எனப்பட்டனர். ஆர்ல் நகரில் 314இல் கூடிய சங்கம், பட்டமளித்தவர் குற்றத்தால் தகுதியுடையார் பெற்ற பட்டம் கெடாது எனத் தீர்த்தது. எனினும் பிளவு நூறாண்டுக்கு மேலும் நீடித்தது. இரு சாரார்க்கும் அத்தியட்சர் மரபு இருந்தது, ஒற்றுமையோ இல்லை.

தென்னாட்டிலும் இந்நிலை தோன்றியது. 1652இல் கீழ்த்திசையினின்று வந்த அகத்தல்லா என்னும் அத்தியட்சர் மயிலாப்பூரில் காவலில் வைக்கப்பட்டார். அவரைத் தம்மிடம் வரவிடாமையால் சினங்கொண்ட தோமா கிறித்தவர், 1653 சனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் இயேசு சபையார்க்கு அடங்கோம் எனச் சூளுரைத்தனர். அதே ஆண்டில் ஆலங்காட்டில் குருமார் பன்னிருவர் கைவைத்துத் தோமா அர்ச்சதியாக்கோனை அத்தியட்சராக்கினர். குருமார் கை போதுமோ என்னும் ஐயம் உடன் எழுந்தது. 1663இல் உரோமையைச் சார்ந்தோர் சாண்டியை அத்தியட்சராக்கினர். 1665இல் எருசலேமினின்று வந்த மார் கிரிகோரியோஸ் மற்றை அணிக்குத் துணையாயினார். உரோமைப் பிணிப்பை அறுத்தோரும் அத்தியட்சர் கை வேண்டும் என்னும் கொள்கையை அறுத்திலர் என்பது கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவிற்கு மாற்றுவிடை பிறந்தது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஒப்புரவு முயற்சி, 1947 செப்டம்பர் 27இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஒன்றாயினர். அத்தியட்சர் பதவியை ஏற்றனர். அதற்கு ஒரே விளக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை. அத்தியட்சர் கையின்றிப் பட்டம் பெற்றிருந்த குருமார்க்கு மீளப் பட்டம் அளிக்கவுமில்லை. இதனால் ஆங்கிலிக்கத் திருச்சபைகள் பல முழு உறவு கொள்ளத் தயங்கின.

லுத்தரர் இதனுள் சேரவில்லை. அவருள்ளும் மரபு இருவகைப்பட்டது. டென்மார்க்கில் 1537இல் குருவாகிய பூகன்ஹாகன் புதிய மேற்பார்வையாளர்க்குப் பட்டமளித்தமையின் பழைய தொடர்ச்சி அறுந்தது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை இவ்வழியினின்று தோன்றியது. தமிழ் லுத்தரன் திருச்சபையோ 1921இல் ஹியூமன் வாயிலாகச் சுவீடனின் தொடர்ச்சியைப் பெற்றது. ஒரே விசுவாச அறிக்கையுடையார் இருவரும் அருகருகே நின்றும், கைவைத்தல் முறையில் வேறுபட்டிருந்தனர்.

இவற்றால் யாம் காண்பது இது: அப்போஸ்தல மரபு போதனைக்குச் சான்றாய் நின்றபோது திருச்சபையைக் காத்தது, உடைமையாய்க் கொள்ளப்பட்டபோது அதனைப் பிரித்தது. இராமானுசரையே ஆசாரியராய்க் கொண்ட வடகலையாரும் தென்கலையாரும் பிரிந்தமை அறிவார்க்கு இஃது எளிதின் விளங்கும். மூலம் ஒன்றாதல் மட்டும் ஒற்றுமைக்குப் போதாது. மூலத்தைப் பிறரும் உரிமையுடன் பெற்றுளர் என ஏற்கும் மனமும் வேண்டும். 1947இல் வென்றது அம்மனமே எனலாம்.