பாதைக்குக் காணி கொடுப்பவர் யார்?

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில், மகாவலி கங்கையை அண்டி அமைந்திருப்பது குண்டசாலை. கண்டி இராச்சியத்தின் கடைசிச் சிங்கள மன்னனாகிய வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்தமையால், ‘குண்டசாலை மன்னன்’ என்றே பெயர் பெற்றான். இன்றோ கண்டி நகரம் விரிந்து இவ்வூரைத் தழுவிக்கொண்டிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பேர்ச்சஸ் கணக்கில் விலையாகின்றன. ஒவ்வொரு துண்டாடலின்போதும் ஒரு கேள்வி எழுகிறது: உள்ளே செல்லும் பாதைக்குக் காணி கொடுப்பவர் யார்?

காணியைப் பிரிப்பவரே கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் விடை. புதிய தெருக்களை ஒழுங்குபடுத்தும் பணியை 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தொடங்கிவைத்தது. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 1986இல் விரிவான விதிகள் வந்தன. துண்டுகள் பெருகப் பெருகப் பாதையின் அகலமும் பெருக வேண்டும்; ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியாயின், தெருக்கள் நீங்கலாக 10 வீதம் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என அவை கூறின.

இது தனியுடைமையின் மீது நடத்தப்படும் பறிப்பு என்று முணுமுணுப்போர் உளர். அவர்களை நாம் வரலாற்றின் பக்கம் அழைக்கிறோம். இந்நாட்டில் பாதைக்காகப் பறிகொடுத்தவர்கள் யார்?

1820களில் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைப்பித்தார். பாறையைப் பிளந்தவை கண்டிக் குடியானவனின் கைகள். கூலி, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம்! அரசனுக்குச் செய்த ஊழியத்தை அந்நியன் தன் படைக்கும் வாணிபத்துக்குமாகத் திருப்பிக்கொண்டான். 1830களில் இராசகாரியம் ஒழிந்தது. ஆனால் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத குடியானவனின் சேனையையும் காட்டையும் அரசுக்கு உரியதாக்கிற்று. ஏக்கர் 5 சிலிங்குக்குக்கூட அவை கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1848இல் வீதிச் சட்டம் வந்தது: 18 முதல் 55 வயது வரையுள்ள ஆடவன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும். அவ்வாண்டிலேயே மாத்தளையிலும் கண்டியிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

ஆக, வீதியால் காணியின் விலை உயர்ந்தது. உயர்வு துரைக்குப் போயிற்று. வியர்வை ஏழைக்கு மிஞ்சிற்று. காணியைத் துண்டாடுபவரே பாதை விட வேண்டும் என்ற விதி, இந்தக் கணக்கை முதன்முறையாக நேர்படுத்த முனைகிறது. பாதையில்லாத காணித் துண்டுக்கு விலை ஏது? ஊரார் வரிப்பணத்தில் எழுந்த வீதியும் பாலமும் பள்ளிக்கூடமுமே அதற்கு விலை தந்தவை. அந்த விலையில் ஒரு பகுதியை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது கொடையன்று, கடன் தீர்த்தலாகும். தமிழகத்திலும் மனைப்பிரிவின் தெருக்களைத் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி மன்றத்துக்கு விலையின்றி ஒப்படைக்கும் முறை உண்டு.

ஆயினும், விதி நல்லதென்பதனால் அதன் பாரம் நீதியாக விழுகிறது என்று நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பத்து ஏக்கரைத் துண்டாடும் காணி வியாபாரி, பாதைக்கு விட்ட காணியின் விலையை எஞ்சிய துண்டுகளின் மேல் ஏற்றிவிடுகிறான். வீடு கட்ட வருகின்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் அதைச் செலுத்துகின்றனர். தந்தை விட்டுச் சென்ற கால் ஏக்கரை, அதாவது 40 பேர்ச்சஸை, நான்கு பிள்ளைகள் பங்கிடுவதாகக் கொள்வோம். 10 அடி அகலத்தில் 109 அடி ஒழுங்கை விட்டாலே 4 பேர்ச்சஸ் போய்விடும். அவர்கள் இந்த இழப்பை யார் தலையில் ஏற்றுவர்? வியாபாரிக்குச் செலவுக் கணக்கு; இவர்களுக்கோ அடுக்களை நிலம்.

ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகருக்கென 1902இல் இயற்றப்பட்ட சட்டம் வேறொரு வழி காட்டிற்று. சிதறிய காணிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, தெருவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அளவுக்கேற்ப உடையோருக்கே மீளப் பங்கிடும் வழி அது. 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டச் சட்டமும் அவ்வழியில் சென்றது. பாரம் ஒருவர் தலையில் விழாமல் பலர் தோளில் பரவும் முறை இது.

இன்னொரு கூட்டத்தாரையும் நாம் மறக்கலாகாது. இம்மலைகளில் தோட்டப் பாதைகளை வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து நடந்து வந்த தொழிலாளர். 1948இல் அவர்களின் சந்ததியாருள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோயிற்று. எஞ்சியிருந்தோருக்கு அது முழுமையாகக் கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாதைக்கு விட்டுக்கொடுக்க ஒரு சாண் காணியும் இல்லாதவர்களாய் அவர்களிற் பலர் இன்றும் லயன் அறைகளில் வாழ்கின்றனர்.

ஆகவே, விதி வேண்டும். அது ஆளறிந்து பாரம் சுமத்தவும் வேண்டும். இலாபத்துக்குத் துண்டாடுபவனிடம் முழுமையாகப் பெறுக. குடியிருக்கப் பங்கிடுபவனுக்குச் சலுகை தருக. பெற்ற பாதையைப் பிரதேச சபை பொதுப் பாதையாகப் பேணுக. அடுத்த முறை ஓர் அளவைப் படத்தைக் காணும் ஆசிரியரும் மாணவரும், அதில் வெள்ளையாக விடப்பட்ட அந்த ஒடுங்கிய கீற்றைச் சற்று நின்று நோக்கட்டும். அங்கே எழுதப்பட்டிருப்பது வெறும் அளவன்று. யார் கொடுத்தார், யார் பெற்றார் என்ற வரலாறு.